சரணத்தில் சடசடப்பு: 8 ஜிபி லேப்டாப்பில் ஒரு பாட்டு

மூன்று வாரமாக லேப்டாப்பில், ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில், ஒரே பாட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். பல்லவி சுத்தமாக வருகிறது. சரணத்தில் ஸ்ட்ரிங்ஸ் நுழைந்ததும், எண்ணெயில் கடுகு போட்டது போல ஸ்பீக்கர் பொரிய ஆரம்பித்துவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் 45 சதவீதம்தான் காட்டுகிறது. பாதிக்கு மேல் சும்மா இருக்கும்போது ஏன் திணற வேண்டும்? இரண்டு ராத்திரி இதே யோசனை.

அந்த 45, பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. ஒலி விஷயத்தில் சராசரி உதவாது. நான் வைத்திருப்பது 48000 சேம்பிள் ரேட் (ஒரு நொடி ஒலிக்கு இத்தனை துளிகள்), 256 பஃபர் (ஒரு தடவைக்குத் தயாராகும் துளிகள்). 256ஐ 48000ஆல் வகுத்தால் 5.3 மில்லிசெகண்டு. அதற்குள் அடுத்த துண்டு ஒலி தயாராக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் ‘சட்’ என்று காதில் விழும். ஒரு டிராக்கில், அதாவது ஒரு வாத்தியத்தின் தனி வரிசையில், மாட்டிய பிளக்இன்கள் (ஒலியை உருவாக்கும், மாற்றும் குட்டி மென்பொருள்கள்) ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். முந்தையது முடிக்காமல் அடுத்தது கை வைக்க முடியாது. அந்த ஒரு டிராக் பிந்தினால், மற்ற கோர்கள் காலியாக இருந்தும் பயனில்லை.

முதலில் பஃபரை 1024 ஆக்கினேன். சடசடப்பு போயிற்று. ஆனால் கீபோர்டில் கை வைத்தால் 21 மில்லிசெகண்டு தாமதம்; ஏழு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பது போல. மிக்ஸிங்குக்குச் சரி, வாசிக்க ஆகாது. திரும்ப 256.

அப்புறம்தான் ரீப்பரின் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறந்தேன். எந்த டிராக் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டுகிறது. ஐந்து டிராக்கில் ஐந்து கன்வல்யூஷன் ரிவெர்ப், அதாவது மண்டபத்தின் எதிரொலியைக் கணக்குப் போட்டுச் சேர்க்கும் கனமான பிளக்இன்! எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே ரிவெர்ப் டிராக் வைத்து, மற்ற டிராக்குகளின் ஒலியை அதற்கு அனுப்பும்படி சென்ட் கொடுத்தேன். எல்லா வாத்தியமும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி ஒலியும் சேர்ந்து வந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம், நான் எதிர்பார்க்காதது: முக்கிய மெட்டை வாசிக்கும் லீட் சிந்தசைசர் (சிந்த்) டிராக்கின் சிவப்பு ரெக்கார்டு பட்டன் மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது. மற்ற டிராக்குகளை ரீப்பர் 200 மில்லிசெகண்டு வரை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். ரெக்கார்டுக்குத் தயாராக இருக்கும் டிராக்குக்கு அந்தச் சலுகை இல்லை. அது அந்த 5.3 மில்லிசெகண்டுக்குள்தான் ஓட வேண்டும். கனமான சிந்த் அதில். பட்டனை அணைத்ததும் பொரிவது பெருமளவு அடங்கியது.

ஆனாலும் ஸ்ட்ரிங்ஸ் நுழையும் இடத்தில் மட்டும் ஒரு தடுமாற்றம் மிச்சமிருந்தது. இதற்கும் பிராசஸருக்கும் சம்பந்தமில்லை. ரேம் 7.6 ஜிபி நிரம்பி, கம்ப்யூட்டர் டிஸ்க்கில் இடம் தேடிக்கொண்டிருந்தது. பதிவு செய்த வாத்திய ஒலிகளை (இவையும் சேம்பிள்கள்தான்) ரேமில் ஏற்றி வாசிக்கும் கான்டாக்ட் என்ற பிளக்இன்னில், அந்த ஸ்ட்ரிங்ஸ் மூன்று மைக் ஒலிகளோடு ஏறியிருந்தது. நான் கேட்பது ஒன்றைத்தான். மற்ற இரண்டையும் அணைத்து, ஏற்றிய சேம்பிள்களை ரேமிலிருந்து இறக்கும் பர்ஜ் கொடுத்தேன். வாசிக்கும் ஸ்வரங்களின் சேம்பிள்கள் மட்டும் திரும்ப ஏறின.

முடிந்துபோன டிராக்குகளை ஃப்ரீஸ் செய்ய, அதாவது ஒலியாகவே பதிந்துவிட்டு பிளக்இன்களை இறக்கிவைக்க, எப்போதும் பயப்படுவேன், அப்புறம் திருத்த முடியாதோ என்று. ஆனால் அன்ஃப்ரீஸ் கொடுத்தால் மிடி (வாசித்த ஸ்வரங்களின் குறிப்பு), பிளக்இன் எல்லாம் இருந்த இடத்துக்கே வந்துவிடுகிறது. பேஸும், பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேடும் ஃப்ரீஸ். பிராசஸர், ரேம் இரண்டிலும் இடம் கிடைத்தது.

இப்போது 34 டிராக், 256 பஃபர், ரேம் 5.9 ஜிபி. சரணம் முழுதும் ஒரு பொட்டுச் சடசடப்பில்லாமல் ஓடுகிறது. பஃபரை 128 ஆக்கினால் இன்னும் இரண்டு இடத்தில் பொரிகிறது. இன்று ராத்திரி ஸ்ட்ரிங்ஸையும் ஃப்ரீஸ் செய்துவிட்டு, இடையிசையில் அந்தப் புல்லாங்குழல் பகுதியை 128இலேயே வாசித்துப் பார்க்கப் போகிறேன்.