"இங்கே" என்றால் எங்கே?

காரைக்குடிப் பக்கம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்குப் பக்கத்தை முடித்ததும் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவருக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டரில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருள் வாசிக்க வாசிக்கக் கேட்டே எல்லாம் செய்வார். இன்சர்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்து அழுத்தினார், லிங்க்குகள் மட்டும் தனிப் பட்டியலாக வந்தன, கீழ் அம்பை அழுத்த அழுத்த "இங்கே கிளிக் செய்யவும்", "மேலும்", "இங்கே கிளிக் செய்யவும்", மறுபடியும் அதே.

"ஏப்பா, இதுல விலை எது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான் எழுதியிருந்தது "விலைப்பட்டியலைப் பார்க்க இங்கே கிளிக் செய்யவும்". கண்ணால் பார்ப்பவருக்கு முழு வாக்கியமும் தெரியும், லிங்க் பட்டியலுக்குப் போவதோ லிங்க் போட்ட வார்த்தைகள் மட்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் லிங்க்கும் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது, விஷயம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. இப்போது அது "10 அங்குல டைல்ஸ் விலைப்பட்டியல் (பிடிஎஃப், 2 எம்பி)". சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் ஃபைல் எவ்வளவு பெரிது என்று முதலிலேயே தெரிய வேண்டும்.

"மேலும்" இருந்த இடத்தில் "கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி டைல்ஸ் செய்யும் முறை". ஆத்தங்குடி டைல்ஸின் பளபளப்பே அந்தக் கண்ணாடி தருவதுதான், அதைப் போய் "மேலும்" என்று மறைத்து வைத்திருந்தேன்.

அப்புறம் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல். வாக்கியத்துக்குள் "விலைப்பட்டியலை" என்று வந்தால் உருபோடு முழுச் சொல்லுக்கும் லிங்க் கொடுங்கள். நடுவில் வெட்டினால் சில பிரவுசர்களில் "லை" உடைந்து ஐகாரக் குறி தனியாகத் தொங்கும். இணைய முகவரியை அப்படியே லிங்க்காக ஒட்டுவது அதைவிட மோசம். தமிழில் உள்ள முகவரியைக் காப்பி செய்தால் பெரும்பாலும் "க" என்ற ஒரே எழுத்து 9 குறிகளாக விரிந்துவிடும், அதைக் காதால் கேட்பவரை நினைத்துப் பாருங்கள்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டுதலில், லிங்க் எதற்கு என்று புரிய வேண்டும் என்பது விதி 2.4.4, குறைந்தபட்ச ஏ நிலை. சுற்றியுள்ள வாக்கியத்தோடு சேர்த்துப் புரிந்தாலும் சரி என்கிறது அது. லிங்க் தனியாகவே புரிய வேண்டும் என்பது 2.4.9, உச்சமான ஏஏஏ நிலை. சித்தப்பா லிங்க் பட்டியலை வைத்தே நடமாடுகிறார், அதனால் நான் இரண்டாவதையே பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் திரும்பக் கேட்டவர், "படங்கள்னு ரெண்டு இருக்கேப்பா" என்றார். ஒன்று தரை டிசைன்கள், இன்னொன்று பட்டறையில் எடுத்த படங்கள். அதையும் பிரித்து எழுதிவிட்டேன்.