எட்டுத் திருப்பதி

நவதிருப்பதி போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பி, எட்டுத் திருப்பதி பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். தாமிரபரணிக் கரையில் கிரகத்துக்கு ஒன்றாக இருக்கிற ஒன்பது பெருமாள் கோயில்கள்தான் நவதிருப்பதி. 2024 மே முதல் வாரம். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த அன்றைக்கே திருநெல்வேலியில் இறங்கினோம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், 74 வயது அம்மா. கோயில் பட்டியல் மனைவி போட்டது. எந்தக் கோயில், எந்தக் கிரகம், நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். அம்மாவிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் கோயில் எதுவும் இல்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

முதல் நாள் டவுனில் சித்தப்பா வீடு. சொதியும் இஞ்சிப் பச்சடியும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் நெல்லையப்பரை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததோடு சரி.

மறுநாள் ஆற்றின் வடகரை. ஸ்ரீவைகுண்டத்தில் அத்தை வீட்டில் காபி குடித்துவிட்டுக் கள்ளபிரான் கோயிலுக்குப் போனோம். ஆதிசேஷன் குடை பிடிக்க நின்ற கோலம். சித்திரை 6, ஐப்பசி 6 இரண்டு நாளும் காலை வெயில் நேராக மூலவர் மேல் விழும். "ரெண்டு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்று அத்தை கோபித்துக்கொண்டாள். அங்கிருந்து நத்தம் என்கிற வரகுணமங்கை, உட்கார்ந்த கோலம். அடுத்தது திருப்புளியங்குடி, கிடந்த கோலம். புளிங்குடியில் கிடந்து, வரகுணமங்கையில் இருந்து, வைகுந்தத்துள் நின்று என்று நம்மாழ்வார் மூன்றையும் ஒரே அடியில் கட்டிவிட்டார். ஆழ்வாருக்கு ஒரு அடி போதும். எங்களுக்குக் காலை முழுக்க ஆனது.

திருப்புளியங்குடியில் பெருமாள் திருவடியை உள்ளே நின்று பார்க்க முடியாது. வெளியே பிராகாரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். நாங்கள் வலம் வருகிற வேகத்தில் அதைத் தாண்டியே போய்விட்டோம். அம்மாதான் நின்று கூப்பிட்டாள். முட்டி வலியோடு குனிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னவனுக்கு இடம் விட்டாள். "காலு எம்மாம் பெரிசு!" என்றான் அவன். பட்டர் சிரித்துவிட்டார்.

மத்தியானம் அத்தை வீட்டு இலையில் உட்கார்ந்ததும் பேச்சு வெள்ளத்துக்குப் போய்விட்டது. அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2023 டிசம்பர் வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது ஸ்டேஷன் இருக்கிற புதுக்குடி ஊர்ச் சனம். அவர்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம்தான். அத்தை இதைச் சொல்லிக்கொண்டே எனக்கு மூன்றாவது தடவை சோறு வைத்தாள். போதும் என்று கையை மறைத்தால், "ரயிலுக்கே போட்ட ஊருல, நீ போதும்ங்கியே" என்கிறாள். என்ன பதில் சொல்ல?

இப்படிச் சாப்பிட்டதில் நேரம் போனது தெரியவில்லை. சாயங்காலம் இரட்டைத் திருப்பதியில் பட்டர் வரும்வரை காத்திருந்து இரண்டு கோயிலும் சேவித்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பெருங்குளம் பாக்கி. அதுதான் சனி ஸ்தலம். "நாளைக்குக் கடைசியில முடிச்சிருவோம்" என்று மனைவி தாளில் ஒரு வட்டம் போட்டாள்.

மூன்றாம் நாள் தென்கரை. ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளிக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது பக்தியைவிட வெட்கம்தான். நம்மாழ்வார் 16 வருடம் பேசாமல் இருந்த மரத்தடி அது. அவரைக் குருவாகப் பிடித்த மதுரகவி, பக்கத்துத் திருக்கோளூர்க்காரர். கூப்பிடு தூரத்தில் இருந்தவரைத் தெரியாமல் அயோத்தி வரைக்கும் போய், அங்கிருந்து தெற்கே ஒரு ஒளியைக் கண்டு, அதையே பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் என்பது வரலாறு. நானும் அம்மாவின் ஊருக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறேன். இத்தனைக்கும் நெல்லைக்கு ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்.

திருக்கோளூரில் வைத்தமாநிதிப் பெருமாள் அளக்கிற மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். செல்வத்தை அளந்த அலுப்பாம். அங்கே பட்டர் பிள்ளைகளுக்குப் பெண்பிள்ளை ரகசியக் கதையைச் சொன்னார். ராமானுஜர் ஊருக்குள் வருகிறார், ஒரு பெண் மூட்டை முடிச்சோடு வெளியே போகிறாள். எல்லோரும் புகும் ஊர், உனக்கு மட்டும் ஏன் புறப்படும் ஊராயிற்று என்று கேட்கிறார். அக்ரூரரைப் போல அழைத்து வந்தேனா, இன்னாரைப் போல இதைச் செய்தேனா என்று 81 அடியார்களைச் சொல்லி, ஒன்றும் செய்யாத நான் முயல் புழுக்கை மாதிரி, வயலில் கிடந்தால் என்ன, வரப்பில் கிடந்தால் என்ன என்கிறாள். இவ்வளவு தெரிந்தவளை விட முடியுமா? திரும்ப அழைத்துப் போய் அவள் வீட்டிலேயே அமுது செய்தார்.

பெரியவள் "எண்பத்தொண்ணா!" என்று வாயைப் பிளந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறும்போதுதான் சொன்னாள்: "அவளையாவது ஏன் போறன்னு உடையவர் கேட்டாரு. என்னைய யாரு கேட்டா?"

1971இல் கல்யாணமாகித் தென்திருப்பேரையை விட்டவள் அம்மா. தாத்தா காலத்துக்குப் பிறகு வீடு கைமாறிவிட்டது. அந்த ஊரில் எங்களுக்கென்று இருப்பது அம்மாவோடு படித்த பெரியம்மா ஒருத்திதான். அம்மாவின் பட்டியலில் அதுதான் கடைசிப் பெயர், அல்லது முதல் பெயர். காரை விட்டு இறங்கியதும் "ஏட்டி, வழி தெரிஞ்சுதா?" என்ற குரல்தான் வந்தது. கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்த பெரியவள் ஃபோனைத் தயாராக வைத்திருந்தாள். அவர்களோ யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்று ஆரம்பித்துவிட்டார்கள். வாசல் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளம் வந்துபோன பழுப்புக் கோடு. இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

நடை சாத்துவதற்குள் மகரநெடுங்குழைக்காதரைச் சேவிக்கப் பெரியம்மாவே அழைத்துப் போனாள். அந்தக் கோயிலில் கருடன் சன்னிதி மூலவருக்கு நேராக இருக்காது, கொஞ்சம் விலகி இருக்கும். ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். "வாசல்ல பிள்ளைங்க விளையாடும். பெருமாளுக்கு அதைப் பாக்கணும். நீ மறைக்க, கொஞ்சம் தள்ளி நில்லுன்னு கருடன்ட்ட சொல்லிட்டாரு." நம்மாழ்வாரும் இந்த ஊரைப் பாடும்போது வேத ஒலி, விழா ஒலியோடு பிள்ளைகள் விளையாட்டொலியும் ஓயாத ஊர் என்றுதான் சொல்கிறார். "நானும் ஒங்க ஆச்சியும் இங்கனதான் பாண்டி ஆடுவோம். ஒங்க ஆச்சி கோட்டை மிதிச்சுட்டு மிதிக்கலேன்னு சாதிப்பா. அவரு எல்லாத்தையும் பாத்துருக்காரு." அம்மா உடனே சன்னிதிப் பக்கம் திரும்பி, "நான் மிதிக்கல" என்றாள்.

சாப்பாடு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சாப்பிட்டு முடித்ததும் பதனீர் வந்தது. வைகாசி உற்சவம் நெருங்குகிறது, ஐந்தாம் நாள் ஒன்பது பெருமாளும் ஒன்பது கருடன் மேல் ஆழ்வார்திருநகரியில் கூடுவார்கள், அதுவரை இருங்கள் என்று பெரியம்மா கேட்டாள். எனக்கு லீவு இல்லை. இப்போது நினைத்தால், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

நாலரை மணிக்கு டிரைவர் தம்பி வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். அப்போது கிளம்பினால்தான் ஆற்றைத் தாண்டிப் பெருங்குளம் போய்ச் சேவித்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம். மனைவி தாளை எடுத்து, வட்டம் போட்ட இடத்தைப் பார்த்தாள். தெருவில் எங்கள் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஓட்டுச் சில்லு வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் அம்மாவும் பெரியம்மாவும் வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை நீட்டி, "கோட்டை மிதிச்சுட்டான்", "மிதிக்கல" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனைவி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். படியிறங்கிப் போய் டிரைவரிடம், "கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க தம்பி, மறைக்குது" என்றாள்.