நோட்டரி பப்ளிக் என்ற பலகை

எந்த ஊர் கோர்ட் வாசலுக்குப் போனாலும் 'நோட்டரி பப்ளிக்' பலகை தொங்கும். பப்ளிக் எக்ஸாம், பப்ளிக் லைப்ரரி என்று சொல்லும் அதே ஆங்கிலத்தில் இது மட்டும் ஏன் முன்பின்னாக நிற்கிறது? பிரெஞ்சில் அடைமொழி பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும். அட்டர்னி ஜெனரல், கோர்ட் மார்ஷல் எல்லாம் அந்த வரிசையில் வந்தவைதான்.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையில் பிரெஞ்சு புகுந்தது. தொழுவத்தில் ஆங்கிலப் பெயரோடு நின்ற ஆடு, தட்டுக்கு வந்ததும் மட்டன் ஆன கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் தொழிலில் இருக்கும் எனக்குக் கோர்ட்டில் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. ஜட்ஜ், ஜூரி, வெர்டிக்ட், பெயில், மார்ட்கேஜ் எல்லாம் அந்த வழியாக வந்தவை.

ஜனங்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, இனி ஆங்கிலத்தில் வாதாடுங்கள் என்று 1362-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! வக்கீல்களும் லேசில் விடவில்லை. வழக்குக் குறிப்புகளைப் பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சிலேயே எழுதினார்கள். 1733-இல்தான் கோர்ட் நடவடிக்கைகள் முழுக்க ஆங்கிலத்துக்கு வந்தன.

அதற்குள் அந்தப் பிரெஞ்சு என்ன பாடுபட்டது என்பதற்கு 1631-இல் சால்ஸ்பரியில் நடந்த ஒரு வழக்கின் குறிப்பு போதும். தண்டனை பெற்ற கைதி ஒருவன் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் மீது செங்கல் துண்டை வீசினான். குறிப்பு எழுதியவர் பிரெஞ்சில்தான் ஆரம்பிக்கிறார். ஆனால் செங்கல் துண்டுக்கு 'பிரிக்பேட்', மயிரிழையில் தவறியதற்கு 'நேரோலி மிஸ்ட்' என்று ஆங்கிலத்தையே போட்டுவிடுகிறார். அவனுடைய வலது கைக்கு வரும்போது 'டெக்ஸ்டர் மானுஸ்' என்று லத்தீன். கையை வெட்டித் தூக்குமரத்தில் மாட்டினார்கள், அங்கேயே அவனையும் தூக்கிலிட்டார்கள். ஒரு மனிதனின் உயிர் போன கதை, மூன்று மொழி கலந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அந்த மொழியில் எழுதியதை அவனுக்கு யாராவது படித்துக் காட்டியிருந்தாலும் என்ன புரிந்திருக்கும்?

ஆங்கிலத்தைக் கலப்பட மொழி என்று இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆள்பவரின் மொழி கோர்ட்டில் உட்கார்ந்தால் ஆட்சி போன பிறகும் சொற்கள் எழுந்து போவதில்லை. நம் வக்கீல், ஜாமீன், வாரிசு, ஆஜர் எல்லாமே பாரசீகம் வழியாக வந்த அரபுச் சொற்கள்தானே. மனுவில் 'பிணை' என்று எழுதினால் கட்சிக்காரர் ஒரு நொடி யோசிக்கிறார். 'ஜாமீன்' என்றால் உடனே முகம் தெளிகிறது. அதனால் மனுவில் பிணை என்று எழுதினாலும், அவரிடம் பேசும்போது ஜாமீன் என்றுதான் சொல்கிறேன்.