ஆச்சியின் வகுப்புக்கு ஒரு பழைய வெப்கேம்

கேமரா 2009இல் வாங்கியது. மும்பை லேமிங்டன் ரோட்டில் கடைக்காரர் 600 சொல்லி 450க்கு இறங்கி வந்தார். அந்த வருஷம்தான் அக்கா கல்யாணமாகி ஜெர்மனி போனாள். அவள் முகத்தைப் பார்க்க அம்மாவுக்கு அது வேண்டியிருந்தது. அப்புறம் கேமரா வைத்த லேப்டாப் வந்தது, போன் வந்தது. இது செம்பூர் வீட்டுப் பரணில் ஒரு ஷூ டப்பாவுக்குள் போய், பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் அங்கேயே கிடந்தது.

அட்டைப் பெட்டியில் பெரிதாக ‘8 மெகாபிக்சல்’ என்று போட்டிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘இன்டர்போலேட்டட்’. உள்ளே இருப்பது 640க்கு 480. பெருக்கிப் பார்த்தால் மூன்று லட்சத்துச் சொச்சம் புள்ளி, அதாவது 0.3 மெகாபிக்சல். மீதி 7.7 சாஃப்ட்வேர் ஊதிப் பெருக்கியது. அந்தக் காலத்துச் சல்லிசுக் கேமராக்கள் பலவும் இப்படித்தான் விற்றன. ஆனாலும் ஒரு நோட்டுப் பக்கத்தைக் காட்ட 0.3 தாராளம்.

நோட்டுப் பக்கம்தான் விஷயமே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகளுக்கும் அவளுடைய தோழிகள் இரண்டு பேருக்கும் அம்மா தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். லேப்டாப் கேமராவில் முகம் தெரியும். எழுத்தைக் காட்ட வேண்டுமென்றால் எழுதி முடித்துவிட்டு நோட்டைத் தூக்கிக் காட்டணும். “முடிஞ்ச எழுத்தப் பாத்து என்ன செய்ய? எங்க ஆரம்பிச்சு எங்க சுழிக்கேன்னு பாத்தாத்தானே பிள்ளைக்குக் கை வரும்” என்றாள் அம்மா. போனை மேலே கட்டித் தொங்கவிடலாம் என்றால் அது அவளுக்குக் கூப்பிடவும் எடுக்கவும் வேணும். புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறேன் என்றேன். “பரண்ல ஒண்ணு கெடக்கே. இருக்கத வச்சு ஒப்பேத்த முடியாதா?” முடியாது என்று சொல்ல எனக்கு ரோஷம் விடவில்லை. லேப்டாப்பில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ்.

முதல் ராத்திரி முழுக்க வீண். அதற்குக் காரணம், நான் ‘டிரைவர்’, அதாவது கேமராவோடு பேசுகிற நிரல், தேடியது. பெட்டியில் உள்ளங்கை அளவு சிடி ஒன்று இருந்தது, விண்டோஸ் எக்ஸ்பிக்கானது. அதைப் போட இப்போது வீட்டில் டிரைவே கிடையாது. என்னிடம் பழைய குறிப்பு ஒன்று இருந்தது. கல்லூரி முடித்த புதிதில் லினக்ஸில் கேமரா ஓட்டுவதற்காக எழுதி வைத்தது: ஜிஸ்ப்கா என்ற வெப்கேம் டிரைவரின் மூல நிரலை இறக்கு, மேக் அடித்துக் கட்டு, வருகிற மாட்யூலை (லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்கிற துண்டு) ஏற்று. அப்படியே செய்தேன். பிழைச் செய்திகள் திரை திரையாக ஓடின. முதல் பிழையே வீடியோடெவ் என்ற ஹெடர் கோப்பைக் காணோம் என்பதுதான். எப்படி இருக்கும்? அது வீடியோ ஃபார் லினக்ஸின் முதல் பதிப்பைச் சேர்ந்தது. அந்தப் பதிப்பை 2011இல் வந்த 2.6.38 கெர்னலிலேயே தூக்கிவிட்டார்கள். டெபியன் 12இல் ஓடுவதோ 6.1. நான் செய்தது, இடித்துவிட்ட வீட்டின் சாவியைத் தேய்த்துப் பார்க்கிற வேலை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து, ஒன்றும் நிறுவாமல் கேமராவைச் சும்மா செருகிப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்கணும்.

எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கேமராவின் எண்ணைக் காட்டியது. முதல் பாதி 093ஏ. அது பிக்ஸ்ஆர்ட் என்ற சிப் கம்பெனியின் எண். பெட்டியில் இருக்கிற பிராண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே சிப்பைப் பத்துக் கம்பெனி பத்துப் பெயரில் விற்கும், அதனால் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, எண்ணை வைத்துத்தான் தேடணும். அடுத்து டிமெஸ்க் கட்டளையில் கெர்னல் பதிவைப் பார்த்தேன். ‘புதிய ஃபுல் ஸ்பீட் யுஎஸ்பி சாதனம்’ என்று ஒரு வரி, கீழேயே ஜிஸ்ப்கா_பிஏசி7302 என்ற மாட்யூல் தானாக ஏறிய வரி. (யுஎஸ்பியில் ‘ஃபுல் ஸ்பீட்’ என்றால் நொடிக்கு 12 மெகாபிட்தான். ‘ஹை ஸ்பீட்’ 480. பெயர் வைத்தவர்கள் மும்பை லோக்கலில் ‘ஸ்லோ’, ‘ஃபாஸ்ட்’ என்று தெளிவாக எழுதியிருப்பதைப் பார்த்ததில்லை போல.)

ஆக, ஒரு ராத்திரி முழுக்க நான் தேடிய டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருந்தது. ஆனால் ப்ரவுசரில் வீடியோ அழைப்பைத் திறந்து இந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புக் கட்டம்தான்.

இங்கே கியூவி4எல்2 என்ற சின்ன நிரல் கைகொடுத்தது. அதில் சாதனத்தை இரண்டு விதமாகத் திறக்கலாம், சாதாரணமாகவோ, கேமரா தருவதை மாற்றாமல் அப்படியே வாங்கும் ‘ரா’வாகவோ. சாதாரணமாகத் திறந்தேன். படம் வந்தது! என் முகம், பின்னால் காலண்டர், மங்கலாக, நீலம் பூத்து. ‘ரா’வாகத் திறந்தால் ஒன்றுமில்லை. வி4எல்2-சிடிஎல் கட்டளையில் கேமரா என்னென்ன வடிவத்தில் படம் தரும் என்று கேட்டேன். ஒரே ஒரு பதில், நாலே எழுத்து: பிஜேபிஜி. எழுத்துக் கூட்டிப் படித்தால் யாரோ கட்சிக்காரரை மரியாதையாகக் கூப்பிடுவது போல இருக்கும். உண்மையில் பிக்ஸ்ஆர்ட் ஜேபெக்கின் சுருக்கம். பார்க்க ஜேபெக் மாதிரிதான், ஆனால் நடுநடுவே அந்தச் சிப்பின் சொந்தக் குறிகள் செருகியிருக்கும். போதாததற்கு இந்தச் சிப் படத்தை 90 டிகிரி திருப்பி, படுக்கப் போட்டு அனுப்புகிறது. அதை நிமிர்த்துவதும் வாங்குகிறவன் பொறுப்பு.

ஏன் இதைக் கெர்னலே சரிசெய்து தரவில்லை? இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. ஜிஸ்ப்காவை முதலில் எழுதியவர் மிஷேல் க்ஸார்ட் என்ற பிரெஞ்சுக்காரர். தொழிலால் மருத்துவர். ஓய்வு நேரத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட வெப்கேம்களுக்கு டிரைவர் எழுதினார். அவருடைய நிரல் படத்தைப் பிரித்து மாற்றுகிற வேலையையும் கெர்னலுக்குள்ளேயே செய்தது. கெர்னல்காரர்களுக்கு அது ஆகாது. கெர்னல் சாதனத்தோடு பேசட்டும், வடிவம் மாற்றுவது வெளியே நடக்கட்டும் என்பது அவர்கள் விதி. அதனால் ஜான் ஃபிரான்ஸுவா முவான் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு இரண்டாம் பதிப்பு எழுதினார். அது 2008இல் 2.6.27 கெர்னலில் சேர்ந்தது. கழற்றிய வேலையைச் செய்ய ஹான்ஸ் டி கோடே அதே வருஷம் லிப்வி4எல் என்ற நூலகத்தை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பு) எழுதினார். பிக்ஸ்ஆர்ட்டின் குறிகளைக் களைந்து, படத்தை நிமிர்த்தி, எல்லோருக்கும் புரிகிற வடிவில் தருவது அதுதான். கியூவி4எல்2 அதன் வழியாகப் போனது, படம் வந்தது. என் ப்ரவுசர் நேரே கெர்னலிடம் கேட்டது. புதிய கேமராக்கள் பெரும்பாலும் யுவிசி என்ற பொது ஒழுங்கில் வருவதால் ப்ரவுசருக்கு இந்த நூலகத்தின் தேவையே வருவதில்லை.

இது புரிந்ததும் பாதி பாரம் இறங்கியது. டிரைவர் சரி, கேமரா சரி. ப்ரவுசருக்கும் கேமராவுக்கும் நடுவே அந்த நூலகத்தை எப்படியாவது உட்கார வைக்கணும்.

சுலபமான வழி எல்டி_ப்ரீலோட். ப்ரவுசரைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால், லிப்வி4எல் கூடவே வருகிற வி4எல்2கன்வர்ட் என்ற கோப்பின் பாதையைக் கொடுத்துவிட்டால், அந்த நிரல் கேமராவைத் தொடும்போதெல்லாம் நூலகம் குறுக்கே புகுந்துகொள்ளும். செய்தேன். அழைப்பில் படமும் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து நிற்பதற்குள் ப்ரவுசர் மொத்தமும் விழுந்தது. மூன்று முறை அப்படி. அழைப்பு நடுவில் விழுந்தால் எதிர்ப்பக்கம் மூன்று குழந்தைகள் என்ன செய்யும் என்று நினைத்து அந்த வழியை விட்டேன்.

நடுவில் இன்னொரு கூத்து. ஒரு கட்டத்தில் கேமராவைத் தொடங்கினாலே ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வர ஆரம்பித்தது. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நினைத்து, பழைய கல்யாண வீடியோ உட்பட 20 ஜிபியை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். போகவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது. கேமராவையும் யுஎஸ்பி ஹெட்செட்டையும் ஒரே ஹப்பில் செருகியிருந்தேன். இரண்டும் தங்களுக்கென்று நேரத்தை முன்பதிவு செய்துகொள்கிற ரகம். இருக்கிற 12 மெகாபிட் இரண்டுக்கும் போதவில்லை. ‘இடமில்லை’ என்று அது சொன்னது யுஎஸ்பி பாதையில் இடமில்லை என்பதை. கேமராவை லேப்டாப்பிலேயே நேராகச் செருகினேன், சரியாயிற்று.

கடைசியில் நின்ற வழி வி4எல்2லூப்பேக். இது ஒரு போலிக் கேமராவை உருவாக்குகிற மாட்யூல். ஒரு பக்கம் நாம் படத்தை ஊற்றினால் மறுபக்கம் அது நிஜக் கேமரா போல நிற்கும். ஊற்றுகிற வேலை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலுக்கு. ப்ரீலோட் தந்திரத்தை ப்ரவுசருக்குப் பதில் எஃப்எஃப்எம்பெக்குக்குச் செய்தேன். அது நிஜக் கேமராவான வீடியோ2இலிருந்து நிமிர்ந்த படத்தை வாங்கிப் போலிக் கேமராவான வீடியோ10க்கு அனுப்பும். ப்ரவுசர் வீடியோ10ஐ மட்டும் பார்க்கும், ஒன்றும் தெரியாத மாதிரி.

இதில் என்னைத் தடுக்கியது இரண்டு இடம். முதலாவது, மாட்யூலை ஏற்றினால் ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று மறுத்தது. லேப்டாப்பில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு போட்டிருந்தது, வீட்டிலேயே கட்டிய மாட்யூலை அது நம்பாது. மாட்யூலைக் கட்டித் தந்த டிகேஎம்எஸ் என்ற நிரல் தானாக உருவாக்கி வைத்திருந்த சாவியை மோக்யூட்டில் கட்டளையால் பதிவுக்குக் கொடுத்து, ஒரு கடவுச்சொல் வைத்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதே கடவுச்சொல்லை அடித்து ஒப்புக்கொள்ளணும். அந்த நீலத் திரை சில நொடிதான் காத்திருக்கும். முதல் முறை நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வந்து போய்விட்டது.

இரண்டாவது, என் ப்ரவுசரான குரோமியத்தில் போலிக் கேமரா தெரியவே இல்லை. மாட்யூலை ஏற்றும்போது எக்ஸ்க்ளூசிவ்_கேப்ஸ் என்பதை 1 என்று கொடுக்கணும். இல்லாவிட்டால் போலிக் கேமரா ‘நான் படம் தரவும் செய்வேன், வாங்கவும் செய்வேன்’ என்று இரண்டையும் சொல்லும், குரோமியம் அந்த மாதிரி ஆளைச் சேர்த்துக்கொள்ளாது. 1 கொடுத்தபின் எஃப்எஃப்எம்பெக்கை முதலில் ஓடவிட்டு, அதற்கப்புறம் ப்ரவுசரைத் திறக்கணும். வரிசை மாறினால் கேமரா பட்டியலில் வராது.

மூன்றாம் ராத்திரி கேமராவையே கவனித்தேன். லென்ஸில் பூஞ்சை. நூல் நூலாகக் கோலம் போட்ட மாதிரி படர்ந்திருந்தது, மும்பை மழைக்கு இது சாதாரணம். நல்ல வேளையாக வெளிக் கண்ணாடியில் மட்டும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். ஃபோகஸ் வளையம் இறுகிப்போயிருந்தது. அம்மா அதன் மேல் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தாள், பிடிமானம் கிடைத்துத் திரும்பியது. அப்பாவின் பழைய டேபிள் லாம்ப்பில் பல்பைக் கழற்றிவிட்டு, தலையில் கேமராவைக் கவ்வ வைத்தோம். கழுத்தை வளைத்தால் நோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது.

அம்மா பெரிதாக ஒரு ‘ழ’ எழுதினாள். திரையில் அது தலைகீழாக நின்றது. கீழே இருக்க வேண்டிய சுழியும் காலும் மேலே வானத்தைப் பார்த்து. “இது என்ன எழுத்துலே?” என்று சிரித்தாள். விளக்கு அவளுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதால் கேமராவுக்கு அவள் பக்கம் மேலாகிவிட்டது. பிஏசி7302இல் படத்தை இடவலமாகவும் மேல்கீழாகவும் புரட்டுகிற கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டையும் 1 ஆக்கினால் எழுத்து நேராகிவிடும். ஒன்றை மட்டும் மாற்றினால் கண்ணாடி எழுத்து வரும், குழந்தைகள் அதையே பழகித் தொலைக்கும். வெள்ளைத் தாள் டியூப்லைட்டில் வெளிறிப் போனதால் படத்தைத் தானாக வெளிச்சமாக்கும் தானியங்கி கெயினை நிறுத்தி, எக்ஸ்போஷரைக் கையால் குறைத்தேன். கேமராவைப் பிடுங்கிச் செருகினால் இவையெல்லாம் மறந்துபோகும். அதனால் எல்லாக் கட்டளையையும் ஒரு ஸ்கிரிப்டில் போட்டு, டெஸ்க்டாப்பில் ‘ஆச்சி வகுப்பு’ என்று ஒரு ஐகான் வைத்துவிட்டேன். அம்மா அதை அமுக்குவாள், பத்து எண்ணுவாள், அப்புறம் ப்ரவுசரைத் திறப்பாள்.

ஞாயிறு வகுப்பு நடந்தது. படம் அரை நொடி பிந்தி வருகிறது. அம்மா எழுதி முடித்து அடுத்த எழுத்தைச் சொல்லும்போதுதான் அங்கே முந்தினதன் வால் வந்து சேர்கிறது. அவளே அதற்குத் தக்கபடி நிதானமாக எழுதப் பழகிக்கொண்டாள். நீலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அக்கா மகள் கேட்டாளாம், “ஆச்சி, உங்க கை ஏன் நீலமா இருக்கு?” என்று. சிவப்பு பேலன்ஸைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கணும், அடுத்த வாரம் ‘ல’வும் ‘ள’வும் வருவதற்கு முன்னால்.