ஷாம்போலியனைக் கடைசியில் படியுங்கள்

முதுகலை வரலாற்றில் பண்டைய எகிப்தை விருப்பப் பாடமாக எடுத்துப் படித்தேன். அதில் எகிப்தியச் சித்திர எழுத்துகளை வாசித்தறிந்த வரலாற்றைப் பலர் 1799 ரோசெட்டா கல் (ஒரே செய்தி சித்திர எழுத்து, டெமோட்டிக் என்ற அன்றாட எகிப்திய எழுத்து, கிரேக்கம் ஆகிய மூன்றிலும் பொறிக்கப்பட்ட கல்), 1822 ஷாம்போலியன் (அந்த எழுத்துகளை வாசித்துக் காட்டிய பிரெஞ்சு அறிஞர்) என்று இரண்டே வரிகளில் முடித்துக்கொள்கிறார்கள். விடைத்தாளில் அது எடுபடாது. அவருக்கு முன் முயன்றவர்களை முதலில் படியுங்கள்.

ஒவ்வோர் அறிஞரின் பெயருக்கு எதிரிலும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதினேன். எதைச் சரியாகக் கண்டார்? எந்த நம்பிக்கை அவரை அதற்கு மேல் போகவிடவில்லை?

சித்திர எழுத்துகளுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலை எழுதியவராகக் கருதப்படும் ஹோரப்போலோவிலிருந்து தொடங்கலாம். வாத்தின் உருவம் 'மகன்' என்ற பொருளைத் தரும் என்கிறது அவருடைய நூல். பொருள் சரிதான். ஆனால் வாத்துக்குக் குஞ்சுகள்மேல் பாசம் அதிகம் என்று அதற்கு அவர் காரணம் சொல்கிறார். உண்மையில் அந்தப் பறவையின் பெயரும் மகனைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லும் ஒலியால் ஒத்தவை. 1419இல் ஆன்ட்ரோஸ் தீவில் கிடைத்த இந்த நூலின் கையெழுத்துப்படிதான், படங்கள் எல்லாம் மறைபொருள் குறியீடுகள் என்ற எண்ணத்தை ஐரோப்பாவில் வேரூன்றச் செய்தது. பின்னால் வந்தவர்களின் தடுமாற்றத்துக்கு வேர் இங்கே இருப்பதால், இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள்.

17ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் கிர்ச்சர் அந்த எண்ணத்தின் உச்சம். அப்ரியஸ் என்ற எகிப்திய மன்னரின் பெயரை ஒசிரிஸ் கடவுள், நைல் நதி பற்றிய நீண்ட வாக்கியமாக வாசித்தார். அதை மட்டும் எழுதி அவரைத் தள்ளிவிடுவது அநியாயம். எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழி பழைய எகிப்திய மொழியின் வழிவந்தது என்று வலியுறுத்தி, அதன் இலக்கணத்தையும் சொற்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்தக் காப்டிக் இல்லாமல் ஷாம்போலியன் இல்லை.

பிரெஞ்சு அறிஞர் பார்தெலெமி, சித்திர எழுத்துகளில் நீள்வட்டக் கோட்டுக்குள் இருப்பவை அரசர் அல்லது கடவுளரின் பெயர்களாக இருக்கலாம் என்று 1762இல் சொன்னார். ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஓகெர்பிளாட் 1802இல் ரோசெட்டா கல்லின் டெமோட்டிக் பகுதியில் பெயர்களையும் சில சொற்களையும் வாசித்தார். அது முழுவதும் அகரவரிசை எழுத்து என்ற எண்ணம் அவரை நிறுத்தியது. ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங், எகிப்தை ஆண்ட கிரேக்க மரபு மன்னர் டாலமியின் பெயரில் பல குறிகளின் ஒலியைச் சரியாகக் கண்டவர். ஒலிக்குறிகள் அயல்நாட்டுப் பெயர்களுக்கு மட்டுமே என்று அவர் எண்ணினார். 1822 செப்டம்பரில் வெளியிட்ட கடிதத்தில் ஷாம்போலியனும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றார். எகிப்தியச் சொற்களுக்கும் அந்த ஒலிக்குறிகள் உண்டு என்பதை 1824 நூலில்தான் விரிவாக நிறுவினார். இந்த இரண்டு ஆண்டு இடைவெளியைக் காட்டும் விடைக்குத் தனி மதிப்பு உண்டு.

ஷாம்போலியனின் ஓர் எண்ணிக்கையையும் நினைவில் வையுங்கள். ரோசெட்டா கல்லின் கிரேக்கப் பகுதியில் 486 சொற்கள். சிதைந்த சித்திர எழுத்துப் பகுதியிலேயே 1,419 குறிகள். ஒரு குறி ஒரு சொல் என்ற கொள்கை இங்கே நிற்காது.

ஒரு பயிற்சியும் செய்யுங்கள். டாலமி (எகிப்திய வடிவில் ப்-ட்-ஓ-ல் என்று தொடங்கும்), கிளியோபாட்ரா ஆகிய இரு பெயர்களையும் சித்திர எழுத்தில் தாளில் வரையுங்கள். சிங்கம் முதல் பெயரில் நான்காவது ஒலி, அடுத்ததில் இரண்டாவது, இரண்டிலும் 'ல'. ஆனால் 'ட' ஒலிக்கு ஒன்றில் ரொட்டியும் மற்றதில் கையும் வரும். ஒரே ஒலிக்கு இரு குறிகள் இருக்கலாம் என்று ஷாம்போலியன் ஏற்றுக்கொண்டதன் காரணம், வரைந்து பார்க்கும்போதே புரிந்துவிடும்.