யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று நான் சொல்வதில்லை

கிருஷ்ணகிரியில் என் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. வேறு வழி கிடையாது, கடைக்காரரைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். ஆரம்பத்தில் 'மனநல ஆலோசனை' என்று பெரிதாகப் போர்டு மாட்டியிருந்தேன். இரண்டு மாதம் ஒரு ஈ காக்கா வரவில்லை. போர்டைக் கழற்றிவிட்டு என் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எழுதி வைத்தேன், அப்புறம்தான் ஆட்கள் படியேறினார்கள். படிக்கும்போது ரகசியம் காப்பது என்றால் ஃபைலைப் பூட்டி வைப்பது என்று நினைத்திருந்தேன். இங்கே அது தெருவிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

'வந்தவங்க கதையை எழுதுங்களேன், பேரை மாத்திட்டா போச்சு' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பெங்களூரில் அது சரிப்படலாம். இங்கே பாலக்கோடு பக்கம், தக்காளி மண்டி, இரண்டாவது மருமகள் என்று மூன்றே தகவல் போட்டால் போதும், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் எந்த வீடு என்று சொல்லிவிடுவார். (மூன்றும் நான் சும்மா சேர்த்தவை, யாரும் தேட வேண்டாம்.) அதனால் என் தப்பை மட்டும் எழுதுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் யார் வந்து உட்கார்ந்தாலும் 'பயப்படாம சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்றுதான் ஆரம்பிப்பேன். அப்படி ஆரம்பித்த ஒரு நாள், எதிரில் இருந்தவளுக்கு 18 வயது நிறையவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அவள் பேசி முடித்தபோது, கொடுத்த வாக்கை மீறியே ஆக வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. டாக்டர், வாத்தியார், ஆலோசகர் என்று எங்களுக்கெல்லாம் தனி விலக்கு இல்லை. தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. தெரிவித்தேன், அது தப்பில்லை. தப்பு என் முதல் வாக்கியத்தில் இருந்தது. 'சொல்ல மாட்டேன்னுதானேக்கா சொன்னீங்க' என்றாள்.

நம் பக்கத்தில் இது இன்னும் சிக்கல். 16 வயதில் கட்டிக்கொடுத்து, வயிற்றுப் பிள்ளையோடு மாமியார் கூட்டி வரும் பெண்ணும் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான். தாலி கட்டியதால் அது மாறிவிடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 'அவரை உள்ள தூக்கிப் போட்டா நான் யார் வீட்டுக்குப் போவேன்' என்று அவள் கேட்டால் என் கையில் பிரிவு நம்பர் இருக்கிறது, பதில் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போட்டு நிறுத்தப் பார்க்கலாம், ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பந்தல் பிரித்த பிறகுதான் வருகிறார்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் எனக்குக் குழப்பம் குறைவு. 'என் பொண்டாட்டி என்ன சொன்னா' என்று வரும் கணவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். 'காசு கட்டினது நான்தானே' என்பார்கள். கட்டினால் ரசீது கிடைக்கும், அவ்வளவுதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவும் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்கத்தான் சொல்கிறது, உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்குத் தீங்கு, கோர்ட் உத்தரவு மாதிரி சில இடங்களைத் தவிர. ஆனால் வக்கீலிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு எங்களிடம் சொன்னதற்குக் கிடையாது. நாளைக்கு ஒரு விவாகரத்து வழக்கில் கோர்ட் என் நோட்டைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதனால் நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அதிலும் 'கணவர் குடிகாரர்' என்று எழுத மாட்டேன், 'கணவர் குடிப்பதாகச் சொல்கிறார்' என்றுதான் எழுதுவேன்.

இப்போதெல்லாம் தண்ணீர் கொடுத்த கையோடு முதலில் இதைத்தான் சொல்கிறேன், எதையெல்லாம் என்னோடு வைத்துக்கொள்வேன், எது வந்தால் வெளியே சொல்லியாக வேண்டும் என்று. சிலர் கேட்டுவிட்டு அப்படியே எழுந்து போய்விடுகிறார்கள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் விடமாட்டார்.

"என்னங்க மேடம், வந்தவங்க அதுக்குள்ள போயிட்டாங்க?"

"யாருங்க?" என்பேன்.