கன்ட்ரோல்-இசட் இல்லாத ஒரு மணி நேரம்

வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வான யூசீட்டின் முடிவு வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. கணினியில் எழுதும் முதல் பகுதியில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. தாளில் வரையும் இரண்டாம் பகுதியின் 100 மதிப்பெண்ணில்தான் என் தரவரிசை சரிந்தது. ஏதோ ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்ற நிம்மதி இருந்தாலும், நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் வரைந்துவந்தவள் வரைதலிலேயே சறுக்கியது உறுத்துகிறது.

காரணம் எனக்குத் தெரியும். விலையில்லாத கிரிட்டா மென்பொருளும் விலை குறைந்த ஒரு பேனா டேப்லெட்டும்தான் என் ஓவியப் பள்ளி. கை நடுக்கத்தைத் தானே சீர்செய்யும் தூரிகை, ஒன்றைக் கெடுக்காமல் மற்றொன்றைத் திருத்த உதவும் லேயர்கள், எந்தப் பிழையையும் நொடியில் மீட்டுத் தரும் கன்ட்ரோல்-இசட் ஆகிய மூன்றையும் என் திறமை என்றே நம்பியிருந்தேன். சென்னைத் தேர்வறையில் தாளில் முதல் கோடு பிசகியதும் இடது கை தானாகவே விசைகளைத் தேடியது. அறுபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் ரப்பரோடு போயிற்று. கட்டணம் வாங்கிய இணையவழிப் பயிற்சி வகுப்பில் என் டேப்லெட் ஓவியங்களைப் பாராட்டினார்களே தவிர, தாளில் வரைந்து காட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஓரளவு காப்பாற்றியது வேலூர்க் கோட்டை. டிசம்பரில் சில ஞாயிற்றுக்கிழமைகள் அகழிக்கு இப்பால் அமர்ந்து வரைந்தேன். மூலையில் இருந்து பார்த்தால் மதிலின் இரு பக்கங்களும் இரு மறைபுள்ளிகளை (இணைகோடுகள் தொலைவில் சேர்வதுபோல் தோன்றும் இடங்களை) நோக்கி ஓடுவதும், கண்ணைச் சுருக்கினால் கருங்கல் முழுவதும் வெளிச்சம், இடைநிழல், கருநிழல் என மூன்றாகப் பிரிவதும் அங்கேதான் பிடிபட்டன. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில், காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறது. ஓர் உடலைக் கையால் மறைத்தால் காளை, மற்றதை மறைத்தால் யானை. ஒரே கோடு இரண்டு உருவங்களுக்கு எல்லையாக முடியும் என்பதை நான் பார்த்த காணொளிகள் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அதே இரண்டாம் பகுதியின் வடிவமைப்புத் திறன் வினாவுக்கு விடை யோசிக்கையில் அந்தச் சிற்பம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு எழுதுவோருக்குச் சில:

நவம்பரிலேயே டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

பயிற்சியில் ரப்பரைத் தொடாதீர்கள். எச்பி பென்சிலால் மெல்லிய கோடு, உறுதியான பிறகு அதைவிடக் கருமையான 4பி.

எண்ணை விடையாகத் தரும் வினாக்களில் தவறுக்குக் குறைப்பு இல்லை, ஒன்றையும் விடாதீர்கள். தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எம்சிக்யூவில் ஒவ்வொரு தவறுக்கும் 0.71 போய்விடும்.

முதல் பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் தேறாதவரின் ஓவியத்தைத் திருத்தவே மாட்டார்கள்.

குழுவாகப் படிக்கச் சொல்வார்கள். எனக்கு ஒத்துவரவில்லை, பக்கத்தில் ஒருவர் இருந்தால் நான் அவருக்காக வரையத் தொடங்கிவிடுகிறேன்.

நேற்று மீண்டும் கிரிட்டாவைத் திறந்தேன். அமைப்புகளில் கன்ட்ரோல்-இசட் குறுக்குவழியை நீக்கியிருக்கிறேன். இடது கை இன்னும் அதை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது.